மூழ்கி இறந்ததும் சேர்த்து

“வாய மூடுண்ணே. அவன் என் பிள்ளை, நான்தான்—”

“உன் பிள்ளைதான்டி, எவன் இல்லேன்னான்? நான் பேசுறது அவன் முட்டியப் பத்தி. அந்த முட்டி அடுத்த வருசமும்—”

“முட்டிக்கு ஒண்ணும் வராது. படிப்ப முடிக்கட்டும். இன்னும் ரெண்டே வருசம்—”

“ரெண்டு வருசம்! அதுக்குள்ள அவனவிட ஒசரமா நாலு பேரு வந்து நிப்பான். மார்ச் மாசம் நாடே டீவில பாத்துச்சே, அப்ப எவனாச்சும் கேட்டானா, தம்பி நீ பட்டம் வாங்கிட்டியான்னு?”

“நான் கேட்டேன்.”

“நீ கேப்ப. உனக்கென்ன, அந்த மீன வெட்டிக்கிட்டே—”

“என்ன சொன்ன? மீன வெட்டிக்கிட்டு? முழுசாச் சொல்லு பாப்போம்.”

அண்ணன் ஹோசியா முழுசாகச் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய், இரும்புச் சட்டியில் ஆறிக்கொண்டிருந்த சோளரொட்டியில் ஒரு விள்ளலைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். வாய் நிறைந்திருந்தால் பேச வேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்தே அவன் பழக்கம் அது.

நான் மேசையோரம் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் வெர்லீன் வீட்டுக்கும் நடுவில் ஒரு துணிக்கொடிதான். அவள் வீட்டில் சண்டை என்றால் நான் என் மொச்சையை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். கை வேலையாக இருக்கும் கிழவியை யாரும் எழுந்து போகச் சொல்வதில்லை.

அன்று சனிக்கிழமை. மே மாதம், மிசிசிப்பி ஆறு கரைமேட்டின் கழுத்து வரை ஏறி நின்றது. பத்து நாளாக எங்கள் ஊரான லிட்டனில் இரண்டே பேச்சு. ஒன்று, கரை தாங்குமா தாங்காதா. இன்னொன்று, வெர்லீன் மகன் போவானா மாட்டானா.

டெரியனுக்கு இருபது வயது. ஆறடி எட்டு அங்குலம். வாசல்படியில் தலை இடிக்காமல் இருக்க, பதினைந்து வயதிலிருந்தே குனிந்து நுழையப் பழகிவிட்டான். இப்போது வாசலே இல்லாத இடத்திலும் கொஞ்சம் குனிந்தே நடக்கிறான். மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள அரசுக் கல்லூரியில் கூடைப்பந்து ஆடுகிறான். பெரிய கல்லூரி இல்லை. பெரிய பயிற்சி இல்லை, பெரிய மருத்துவர்கள் இல்லை. ஆனால் இந்த மார்ச்சில் அந்தச் சின்னக் கல்லூரி, பேர்போன இரண்டு கல்லூரிகளை அடுத்தடுத்து வீழ்த்தியது. இரண்டாவது ஆட்டத்தில் டெரியன் முப்பத்தொரு புள்ளி. அதற்குப் பிறகுதான் தொழில்முறை அணிகள் பிள்ளைகளைப் பேர் சொல்லி எடுக்கும் ஜூன் மாதப் பட்டியலில் அவன் பேரும் ஏறியது. ஜூனுக்கு முன்னால் சிகாகோவுக்கு வரச்சொல்லிக் கடிதம். அங்கே நாலு நாள் ஓடவிட்டு, தாண்டவிட்டு, உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார்கள். செவ்வாய்க்கிழமை கிளம்ப வேண்டும்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் பேரைத் திரும்ப எடுத்துக்கொண்டால், மிச்சமிருக்கும் இரண்டு வருடமும் கல்லூரியில் ஆடலாம். ஐந்து மணி தாண்டிவிட்டால் கல்லூரிக் கதவு மூடிவிடும். பிறகு சிகாகோ தள்ளினாலும் திரும்பிப் போக இடமில்லை.

ஊரே அவன் போகட்டும் என்றது. மீன் ஆலையில் வெட்டு வரிசையில் நிற்கும் பெண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். நானும் பதினோரு வருடம் அந்த வரிசையில் நின்றவள். நாலு வருடத்துக்கு முன் மணிக்கட்டு சொன்னபடி கேட்காமல் போனதும் வெளியே வந்தேன். காலில் ரப்பர் பூட்ஸ், இடக்கையில் கம்பி பின்னிய கையுறை, வலக்கையில் கத்தி. பனி போலக் குளிர்ந்த ஈரத் தரை. தலை போன கெளுத்தி மீன் வழுக்கிக்கொண்டு வரும். இரண்டு வீச்சு, இந்தப் பக்கச் சதை, அந்தப் பக்கச் சதை, எலும்புக்கூடு கீழே. அதற்குள் அடுத்தது வந்துவிடும். பேச வாய் மட்டும்தான் சும்மா இருக்கும். முந்தின வாரம் என்னென்ன சொன்னார்கள் என்று வெர்லீனே வந்து எனக்கு ஆடிக் காட்டினாள்.

“‘ஏன்டி வெர்லீன், உனக்கு இந்த ஈரத்துல நிக்கிறது அவ்வளவு புடிச்சிருக்கா?’ங்குறா ஒருத்தி. ‘அவ பிள்ளைய மடியிலயே வெச்சுக்கப் பாக்குறா, ஆனா காலு ரோடு வரைக்கும் தொங்குதே’ங்குறா இன்னொருத்தி. சிரிப்பு வேற. நான் ஒண்ணும் பேசலக்கா. கத்தியப் பாத்துக்கிட்டேன்.”

“படிப்புதான் காரணம்னு சொல்லு. அதுக்கு எவளும் மறுபேச்சு பேச மாட்டா.”

“அதைத்தாங்கா சொல்றேன். அதையேதான் சொல்றேன்.”

அப்போது அவள் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டும். மொச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை டெரியன் வெளியே கார்க் கொட்டகையின் நிழலில், கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து, அம்மாவும் மாமாவும் போடும் சத்தத்தைக் கேட்டபடி பந்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான். தட்டவில்லை. சண்டை நடக்கும்போது பந்து தட்டினால் அம்மாவுக்கு ஆகாது.

மூன்று மணிக்குப் பிக்கெட் கோச் வந்தார். ஆறு வருடம் பள்ளிக்கூடத்தில் டெரியனைப் பழக்கியவர். கூடைப்பந்தும் அவர்தான், கார் ஓட்டக் கற்றுத்தருவதும் அவர்தான், மத்தியான உணவு வரிசையில் சண்டை பிடித்தால் காதைத் திருகுவதும் அவர்தான். ஒரு கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பை, மறு கையில் அட்டைப் பெட்டி.

“டமாலே வாங்கியாந்தேன். ரெண்டு டஜன். எவனும் என் முன்னாடி சண்டை போடக் கூடாது, சூடு ஆறிரும்.”

“கோச்சு, நீங்களே சொல்லுங்க,” என்று ஹோசியா ஆரம்பித்தான்.

“முதல்ல தின்னுவோம்.”

டமாலே என்பது சோளமாவுக்குள் இறைச்சி வைத்துச் சோளத்தோலில் சுற்றி அவித்தது; தோலைப் பிரித்துப் பிரித்துத் தின்றார்கள். காரம் மூக்கில் ஏறியது. டெரியன் குனிந்து உள்ளே வந்து, நின்றபடியே ஆறு டமாலேயை உள்ளே தள்ளினான். வெர்லீன் ஒன்றை எடுத்துத் தோலைப் பிரித்தாள், அப்படியே வைத்துவிட்டாள்.

“பெட்டியில என்ன கோச்சு?”

“உன் ஜாதகம்டா. சிகாகோக்காரன் பழைய டாக்டர் சீட்டு எல்லாத்துக்கும் நகல் கேக்குறான். ஏழாங்கிளாஸ்லேருந்து நீ போட்டுக் குடுத்த மஞ்சத்தாளு பூரா இதுல கெடக்கு. கடிதத்தோட ஒரு புஸ்தகம் வந்துச்சே, அத நெரப்பிட்டியா?”

“இல்ல கோச்சு. பதினெட்டுப் பக்கம்.”

“காலேஜுல படிக்கிற பயலுக்குப் பதினெட்டுப் பக்கம் கசக்குதா? எடுத்துட்டு வா. இப்பவே முடிச்சுருவோம்.”

“அவன் போறதா இன்னும் முடிவாகல,” என்றாள் வெர்லீன்.

“நெரப்பி வெச்சா என்னம்மா? போகலேன்னா கிழிச்சுப் போடுறோம்.”

“காகிதத்துல எழுதிட்டா எழுதினதுதான்.”

கோச் சிரித்தார். ஹோசியாவும் சிரித்தான். “இந்தா பாரு தங்கச்சி,” என்றான் அவன், “இது நம்ம ஆலையில ருசி பாக்குறவன் மாதிரிதான். நான் குளத்துலேருந்து ஒரு மீனக் கொண்டுபோய்க் குடுக்குறேன். அவன் வால் பக்கம் ஒரு துண்டு வேகவெச்சு மோந்து பாக்குறான். மண்வாடை அடிச்சா, ‘இந்தக் குளத்த அள்ளாத, கொஞ்ச நாள் போகட்டும்’ங்குறான். வாடை இல்லேன்னா லாரியத் திருப்புன்னுருவான். நம்ம பயகிட்ட என்ன வாடை அடிக்கப்போகுது? காலு வாடைதான் அடிக்கும்.”

“மாமா!”

“பொய்யா சொன்னேன்? ஒன் செருப்ப வாசல்ல விட்டா நாய் வேற தெருவுல சுத்திக்கிட்டுப் போகுது.”

எல்லாரும் சிரித்தோம். வெர்லீன் வலக்கை விரல்களை இடக்கையால் ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள். அந்த விரல்கள் தானாக மடங்காமல் போய் இரண்டு வருடமாகிறது. காலையில் வெந்நீரில் வைத்துத்தான் கத்தி பிடிக்கப் பழக்குவாள்.

டெரியன் புத்தகத்தை மேசையில் விரித்தான். எச்சில் தோலை எல்லாம் ஒதுக்கி இடம் பண்ணிக்கொடுத்தேன். அவன் உரக்கப் படித்துப் படித்துக் குறித்தான். எலும்பு முறிந்ததுண்டா? இடது சுண்டுவிரல். அறுவைச் சிகிச்சை நடந்ததுண்டா? இல்லை. வலிப்பு? இல்லை. ஆஸ்துமா? இல்லை. ஹோசியா ஒவ்வொரு ‘இல்லை’க்கும் கோயிலில் போதகருக்கு எதிர்க்குரல் கொடுப்பதுபோல “ஆண்டவருக்கு நன்றி” என்றான்.

“‘உங்கள் இரத்த உறவினர் யாரேனும் ஐம்பது வயதுக்கு முன் திடீரென இறந்திருக்கிறார்களா?’” டெரியன் பேனாவை நிறுத்தினான். “அப்பா திடீர்னுதான். ஆனா அது தண்ணியில மூழ்கித்தானே. இல்லைன்னு போட்டுர்றேன்.”

“ஆண்டவருக்கு—” என்று எடுத்த ஹோசியா நிறுத்திக்கொண்டான்.

“இருங்க. அடைப்புக்குறிக்குள்ள இன்னும் எழுதியிருக்கு. ‘நீரில் மூழ்கி இறந்ததும், காரணம் தெரியாத வாகன விபத்தில் இறந்ததும் சேர்த்து.’”

வெளியே, வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானம் தாழ்வாகப் போனது. சன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

“இதை எதுக்குக் கேக்குறான்?” என்றான் டெரியன். “மேல தலைப்பு ‘இதயம்’னு போட்டிருக்கு. நெஞ்சுக்கும் தண்ணிக்கும் என்ன?”

“பெரிய ஊருக்காரன் எல்லாத்தையும் கேப்பான்டா,” என்றார் கோச். “அடுத்ததுக்குப் போ.”

“ஆமா. அடுத்ததுக்குப் போ,” என்றாள் வெர்லீன்.

“ரெண்டுமே நம்ம வீட்டுல இருக்கும்மா. அப்பா தண்ணியில. பெரியப்பா வண்டியில. பெரியப்பாவுக்கு என்ன வயசு?”

எனக்குத் தெரியும், முப்பத்தெட்டு. அந்த ரோட்டை இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். எட்டு மைலுக்கு ஒரு வளைவு கிடையாது. பட்டப்பகல், மழையில்லை, எதிரே வண்டியில்லை. பருத்தி வயலுக்குள் இருநூறு அடி போய் நின்றிருந்தது அவன் வண்டி. தூங்கிவிட்டான் என்று சொன்னார்கள். நாங்களும் அப்படியே சொல்லிக்கொண்டோம்.

“அடுத்ததுதான் படிக்கிறேன்,” என்றான் டெரியன். “‘உடற்பயிற்சியின்போதோ, அதன் பிறகோ மயங்கி விழுந்ததுண்டா?’”

பேனா தாளின் மேல் நின்றது. இறங்கவில்லை.

“என்னடா?” என்றார் கோச்.

“ஒரு தடவை.”

“எப்ப?”

“பிப்ரவரில. பயிற்சி முடிஞ்சு ஓட விட்டாங்க. பதினோராவது சுத்துல கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. முழிச்சுப் பாத்தா தரையில கெடந்தேன். காலைல சாப்பிடல கோச்சு, அதான். தண்ணி தெளிச்சாங்க, சரியாப்போச்சு. அடுத்த நாள் ஆடுனேனே, பதினெட்டுப் பாயிண்டு.”

“ஏன்டா எங்கிட்டச் சொல்லல?” அது வெர்லீன் குரல். நான் கேட்டே இராத குரல்.

“சொன்னா நீ வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்லிருவ. சாப்பிடாம விழுந்ததுக்குப் போய்—”

“உங்கப்பாவும் அன்னிக்குச் சாப்பிடல.”

அவள் அதைச் சொல்ல நினைத்ததாகத் தெரியவில்லை. வந்துவிட்டது. சொன்ன பிறகு கையை வாயருகே கொண்டுபோனாள், பிறகு இறக்கிவிட்டாள்.

“என்ன சொல்றம்மா?”

“அண்ணே.” அவள் மகனைப் பார்க்காமல் ஹோசியாவைப் பார்த்தாள். “நீ சொல்லு. வலையோட அந்தப் பக்கம் நின்னவன் நீ.”

“இப்ப எதுக்குடி அதெல்லாம்—”

“சொல்லுண்ணே.”

ஹோசியாவின் கை சட்டியை நோக்கிப் போயிற்று. சோளரொட்டி தீர்ந்திருந்தது.

“ஜூலை மாசம்டா,” என்றான். “ஒனக்கு ஆறு வயசு. காலைல பத்து மணி இருக்கும், அதுக்குள்ள தகிக்குது. நாங்க எட்டுப் பேரு மீன் வளக்குற குளத்துல எறங்கி வலை இழுக்குறோம். கரையில டிராக்டரு. தண்ணி இடுப்பளவுதான். எனக்கு அடுத்து உங்கப்பன். பாடிக்கிட்டுதான் வந்தான். நெஜமா, பாடிக்கிட்டு. பாட்டு நின்னுச்சு. திரும்பிப் பாக்குறேன், அவன் வலைய விட்டுட்டு நிக்கிறான். மொகத்துல ஒண்ணுமே இல்ல. லைட்ட அணைச்ச வீடு மாதிரி. அப்புறம்தான் விழுந்தான்.”

“ரப்பர் கால்சட்டைக்குள்ள தண்ணி பூந்து இழுத்துருச்சுன்னு சொன்னீங்க. நீங்கதான் மாமா சொன்னீங்க. எத்தன தடவை சொல்லியிருக்கீங்க.”

“பூந்துச்சு. விழுந்த பெறகு பூந்துச்சு. நான் ரெண்டே எட்டுல போயி அவனத் தூக்கிட்டேன்டா. ஒரு நிமிசம்கூட இல்ல. தண்ணி குடிக்கவே இல்ல அவன். கரையில போட்டு அமுக்குனோம், வாயிலேருந்து ஒரு சொட்டு வரல.” ஹோசியா மேசை விளிம்பைத் தேய்த்தான். “சூப்பர்வைசரு வந்து கேட்டான், மூழ்கினானா, வேற எதுவுமான்னு. வேற எதுவும்னா, அது அவன் ஒடம்போட குத்தம், வேலைக்குப் பொறுப்பில்ல, காசு தர முடியாதும்பான். ஆறு வயசுப் பிள்ளைய வெச்சுக்கிட்டு என் தங்கச்சி எங்க போவா? மூழ்கினான்னு சொன்னேன். எட்டுப் பேரும் மூழ்கினான்னுதான் சொன்னோம். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் ஞாபகம் ஆகிப்போச்சு.”

“வெயில்தான்,” என்றார் கோச், யாரிடமும் இல்லாமல். “வெயில் அடிச்சிருக்கும்.”

“பதினெட்டு வயசுப் பயலுக அவங்கூட நின்னாங்க கோச்சு. எங்களையும் அதே வெயில்தான் அடிச்சுது.”

டெரியன் உட்கார்ந்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் அவன் முட்டி மேசையை இடிக்கும். எப்போதும் பக்கவாட்டில்தான் உட்காருவான். அன்று நேராக உட்கார்ந்துவிட்டான். மேசை தூக்கிக்கொண்டது, என் மொச்சைத் தட்டு சரிந்தது. நான் குனிந்து பொறுக்கினேன். ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அந்த நேரத்தில் நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவில்லை.

“அப்ப அப்பாவுக்கு நெஞ்சுதான். எனக்கும் இருக்கலாம்,” என்றான் டெரியன்.

“இல்லாமயும் இருக்கலாம்,” என்றான் ஹோசியா அவசரமாக. “அதெல்லாம் எல்லாப் பிள்ளைக்கும் எறங்காதுடா.”

“சிகாகோல பாப்பாங்கள்ல?”

“நெஞ்ச உள்ளுக்குள்ள படம் புடிச்சுப் பாப்பாங்க,” என்றார் கோச். “மொத நாளே அதுதான். அதுல ஏதாச்சும் தெரிஞ்சா...” அவர் மிச்சத்தை டமாலே தோலோடு சேர்த்து மடித்தார்.

“தெரிஞ்சா?”

“ஆட விட மாட்டாங்க. அவங்க மட்டுமில்ல. ஒரு தடவ தெரிஞ்சுட்டா, எந்தப் பள்ளிக்கூடமும் காலேஜும் விடாது.”

அப்போது ஹோசியா ஒன்று சொன்னான். மத்தியானமெல்லாம் தொண்டை கிழியப் போகச் சொல்லிக் கத்திய அதே ஆள்.

“அப்ப சிகாகோ வேணாம்டா. காலேஜுக்கு போனப் போடு, பேர எடுத்துரு. காலேஜுல அந்தப் படம் எடுக்க மாட்டான்ல? அங்கயே இன்னும் ரெண்டு வருசம் ஆடு. பெறகு பாத்துக்கலாம்.”

“அதத்தாண்ணே நான் சொல்லிட்டிருக்கேன்,” என்றாள் வெர்லீன். “ஒரு மாசமா அதத்தானே சொல்லிட்டிருக்கேன்.”

சொல்லி முடித்ததும்தான் அவளுக்கே அது கேட்டிருக்க வேண்டும்.

“படிப்புக்காகன்னு சொன்ன,” என்றான் டெரியன்.

“படிப்புக்காகவும்தான்.”

“காலேஜுல சேரும்போது இந்தக் கேள்வி இருந்துச்சா கோச்சு?”

“எல்லாத் தாள்லயும் இருக்கும்டா. நீதான நெரப்புன.”

“பள்ளிக்கூடத் தாளப் பாத்து அப்படியே எழுதினேன். அம்மா எழுதினது சரியா இருக்கும்னு.” அவன் அட்டைப் பெட்டியை இழுத்தான்.

“அது எதுக்குடா இப்ப,” என்று வெர்லீன் கை நீட்டினாள். நீட்டிய விரல்கள் மடங்கவில்லை. பெட்டி அவள் கைக்குள்ளிருந்து வழுக்கிப் போயிற்று.

ஆறு மஞ்சள் தாள்கள். டெரியன் அவற்றை வயது வரிசையில் மேசைமேல் பரப்பினான். நான் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஏழாம் வகுப்புத் தாள். முப்பது கேள்வி, பக்கத்தில் ‘ஆம்’ ஒரு வரிசை, ‘இல்லை’ ஒரு வரிசை. ‘இல்லை’ வரிசையில் மேலிருந்து கீழே வரை ஒரே கோடு. அளவுகோல் வைத்ததுபோல நேர்க்கோடு. கீழே வெர்லீன் கையெழுத்து. எட்டாம் வகுப்பிலும் அதே கோடு. ஒன்பதாம் வகுப்பிலும்.

“இந்தக் கோடு அம்மா போட்டதில்ல,” என்றான் டெரியன்.

“நான் போட்டது,” என்றார் கோச். முகம் இறுகியிருந்தது. “எல்லாருக்கும் நான்தான் போடுவேன். அறுவது பயலுக, ஒரு சாயங்காலம், ஜிம் வாசல்ல ஒரே மேசை. மொத நாள் ராத்திரியே எல்லாத் தாள்லயும் கோடு போட்டு அடுக்கி வெச்சுருவேன். அம்மாக்காரங்க ஆலையிலேருந்து ரப்பர் பூட்ஸோட ஓடியாந்து கையெழுத்து மட்டும் போட்டுட்டு ஓடுவாங்க. இந்த ஊருல மாரடைப்பு இல்லாத வீடு எது? உள்ளத எழுதுனா ஒரு பய ஆட முடியாது. ஜாக்சன் வரைக்கும் போயி நெஞ்சு டாக்டருகிட்டச் சீட்டு வாங்கணும். எவனால முடியும்? நாப்பது வருசமா இந்த மாவட்டத்துல எல்லாக் கோச்சும் அப்படித்தான்டா போடுறோம். நான் மட்டுமில்ல.”

“அம்மா அதப் படிக்கவே இல்ல.”

“எவளும் படிக்க மாட்டாப்பா,” என்றேன் நான். நான் பேசியது அந்த ஒரு தடவைதான். என் இரண்டு மகன்களுக்கும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன். “கையில மீன் வாடையோட அந்தப் பேனாவத் தொடவே கூச்சமா இருக்கும்.”

டெரியன் என்னைப் பார்த்தான். கொஞ்சம் இளகியதுபோல இருந்தது. வெர்லீனும் மூச்சை விட்டாள். அத்தோடு அந்தத் தாள்களை அள்ளிப் பெட்டியில் போட்டிருந்தால் சரி.

அவன் பத்தாம் வகுப்புத் தாளைக் கையில் எடுத்தான்.

அதில் கோடு இல்லை. அந்த வருடம்தான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததாம், பெற்றவர்கள் தங்கள் கையாலேயே குறிக்க வேண்டும் என்று. முப்பது கேள்விக்கும் முப்பது சின்னக் குறிகள். நீல மை. வெர்லீன் போடும் குறி எனக்குத் தெரியும், கடையில் சாமான் சீட்டில் போடுவதுபோல வாலை நீட்டி இழுப்பாள்.

பதினேழாவது கேள்வியில் ‘ஆம்’ கட்டத்துக்குள் வெள்ளைத் திட்டு ஒன்று. எழுத்தை அழிக்கத் தடவும் வெள்ளை மை. காய்ந்து, ஓரத்தில் வெடித்திருந்தது. பக்கத்தில் ‘இல்லை’ கட்டத்தில் ஒரு குறி. மற்றதைவிட அழுத்தமாக, தாள் கிழிகிற அளவுக்கு.

டெரியன் அந்தத் தாளைச் சன்னல் பக்கம் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தான். வெள்ளைக்கு அடியில் நீலம் தெரிந்தது. வால் நீண்ட நீலம்.

“பதினஞ்சு வயசு எனக்கு,” என்றான்.

“டெரியா—”

“இது கேள்வியப் படிச்சுட்டுப் போட்ட குறி.”

“அன்னிக்குத்தான் அந்த அடைப்புக்குறி எனக்குக் கண்ணுல பட்டுச்சு. மூழ்கி இறந்ததும் சேர்த்துன்னு. ஆம்னுதான் போட்டேன்டா. சத்தியமாப் போட்டேன். மேசையில இருந்தவன் வாங்கிப் பாத்துட்டு, ஆம்னா சீட்டு இல்லாம ஆட முடியாதும்மா, மொத ஆட்டம் இன்னும் மூணு வாரத்துலன்னான். ஒன்னப் பாக்க அன்னிக்கு மூணு காலேஜ் ஆளுங்க வர்றதாச் சொல்லியிருந்தாங்க. நீ பந்தோட அந்தப் பக்கம் நிக்கிற. சிரிச்சுக்கிட்டு நிக்கிற.” அவள் மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். “அவனே வெள்ளை மைய எடுத்து நீட்டுனான்.”

பிக்கெட் கோச் எழுந்து சன்னலருகே போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். மேசையில் இருந்தவன் யார் என்று யாரும் கேட்கவில்லை.

“பதினொண்ணுலயும் இல்லைன்னு போட்டிருக்க,” என்றான் டெரியன், அடுத்த தாளைப் பார்த்து. “பன்னெண்டுலயும். அதுல வெள்ளை மைகூட இல்ல. சுத்தமா இருக்கு.”

“ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் வந்தேன்டா. ஒண்ணு விடாம வந்தேன்.”

“தெரியும். மொத வரிசையில உக்காந்து கண்ண மூடிக்குவ. ஜெபம் பண்றதா எல்லாருகிட்டயும் சொல்லுவேன்.”

ஹோசியா எழுந்து அவன் தோளில் கை வைத்தான். டெரியன் அந்தக் கையை எடுத்துவிடவில்லை. அது அங்கே இருப்பதே அவனுக்குத் தெரிந்ததுபோல் இல்லை. புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினான். ‘திடீரென’ என்று தொடங்கும் கேள்விக்கு எதிரே ‘ஆம்’ என்று குறித்தான். மயங்கி விழுந்த கேள்விக்கும் ‘ஆம்’ என்று குறித்தான். அவன் குறியும் வால் நீண்டது. அதை அவன் பார்த்திருக்க மாட்டான்.

பேனாவை மூடி மேசைமேல் நேராக வைத்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை, சின்னப் பையனாக இருந்தபோது, அப்பா எப்போது குளத்திலிருந்து வருவார் என்று இதே மேசையில் கேட்டானே, அப்படித்தான் கேட்டான்.

“நீ எதுக்குப் பயந்தம்மா? நான் செத்துருவேன்னா, இல்ல என்னை ஆட விட மாட்டாங்கன்னா?”